அடக்குசொல்

முதலில் காணாமல் போனது எதிர்வீட்டு நாயின் குரைப்பு. நாய் என்னவோ அங்கேயேதான் இருந்தது. கேட்டில் முன்காலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. தன்ஷிகாவுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கைகொட்டிச் சிரித்தாள். அடுத்த மாதம் குக்கர் விசில் போனது, பருப்பு தீய்ந்தது. அதற்கும் சிரித்தாள். பதினோரு வருஷம் காதுக்குள் ஒரு சில்வண்டை வைத்துக் குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு குக்கர் பருப்பு பெரிய விஷயமா என்ன?

அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் காதிரைச்சல் இல்லாத வீடே கிடையாது. இரண்டு தலைமுறை காதில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டே தூங்கி எழுந்ததற்கு வேறென்ன கிடைக்கும்? தன்ஷிகாவுக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. பம்ப் கம்பெனியில் சோதனை மேடை அவள் பொறுப்பு. ஓடும் மோட்டாரின் அருகே காதைக் கொடுத்து, பேரிங் சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒருநாள் மோட்டாரை நிறுத்திய பிறகும் எங்கோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. எது என்று தேடித் தேடி மேடையில் இருந்த அத்தனையையும் நிறுத்தினாள். கடைசியில்தான் புரிந்தது, ஓடுவது தன் தலைக்குள் என்று.

மருத்துவர் ஷாஹிதா மூன்று வழிகள் சொன்னார்.

"மொதல் வழி மறைப்பொலி. காதுல ஒரு கருவி மழை பெய்யற மாதிரி சத்தம் போட்டுட்டே இருக்கும். இரைச்சல் போகாது, மழைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும். ரெண்டாவது, பழக்குப் பயிற்சி. ஒன்றரை வருஷம் ஆகும். அது பாட்டுக்கு இருக்கட்டும், நம்ம வேலையப் பாக்கலாம்னு மூளைக்குக் கத்துக் குடுக்கறது. என்னையக் கேட்டா அதத்தான் சொல்லுவேன்."

மறைப்பொலியை நான்கு வருஷம் பார்த்தாகிவிட்டது. மாடியில் துணி காய்கிறதே என்று அடிக்கடி ஓடியதுதான் மிச்சம். பயிற்சி ஏழாவது மாதத்தில் சலித்துப்போனது. மிச்சமிருந்தது அமைதிச்சில்லு.

அரிசி அளவுதான் இருக்கும், காதுக்குப் பின்னால் எலும்பில் பதிப்பார்கள். இரைச்சல் வெளியிலிருந்து வருவதில்லை, மூளையே உண்டாக்கிக்கொள்வது. ஆகவே சில்லு நேராக மூளையிடமே பேசும். தொந்தரவு தாங்காத நேரத்தில் ஓர் அடக்குசொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் கேட்கும் ஒலியைச் சில்லு குறித்துக்கொள்ளும். ஒரே ஒலியின் மேல் அந்தச் சொல் நூறு தடவை விழுந்தால், இது குப்பை என்று மூளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். அப்புறம் அது கேட்காது. இரைச்சல் அவ்வப்போது சுதி மாறும் என்பதால் சொல்லை எப்போதும் விழிப்பாகவே வைத்திருப்பார்கள்.

தன்ஷிகாவின் கணவன் கவின் அவளுக்கு ஆறு மாதம் முன்பே சில்லு வைத்துக்கொண்டவன். அவன் கொடுத்த தைரியத்தில்தான் அவளும் வந்திருந்தாள்.

"வீட்ல புழங்காத வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க," என்றார் ஷாஹிதா.

"சும்மா இரு," என்றாள். அந்த வண்டிடம் அவள் தினமும் சொல்லி வந்தது அதுதான்.

"எல்லாருமே சொல்ற வார்த்தைங்களே அது."

"நான் ஆரையும் அப்படிச் சொல்ல மாட்டனுங்க டாக்டர். வீட்ல நானும் அவருந்தான். அவரப் போயி 'இரு'ன்னு சொல்லுவனுங்களா?"

ஷாஹிதா சிரித்தபடி குறித்துக்கொண்டார். பத்துக்கு ஏழு பேர் இதையேதான் கேட்கிறார்கள் என்றும் சொன்னார்.

நாற்பதாவது நாள் வண்டு நின்றது. மின்விசிறியின் காற்று துணியில் படும் சத்தத்தைப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு கேட்டாள். கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள், பிறகு ஓடிப்போய்க் கவினிடம் சொன்னாள். நாயையும் குக்கரையும் 'சும்மா இரு' என்று அதட்டி அதட்டி, அவையும் வண்டுக்குப் பின்னாலேயே போயின.

கவின் வாய் ஓயாத ஆள். நாற்பத்தெட்டு வயது மனைவியைக் கிண்டல் செய்வது அவனுக்குக் காப்பி குடிப்பது மாதிரி. "ஏம்புள்ள, இந்தப் பொடவையில உன்னையப் பாத்தா மறுபடியும் பொண்ணு பாக்க வந்த மாதிரியே இருக்குது" என்பான். "அட, சும்மா இருங்க மாமா" என்பாள். முகம் சிவக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்லாமல் அவளுக்குப் பொழுது போனதில்லை.

ஒரு காலையில் அவன் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. புது விளையாட்டு என்று நினைத்து, "சும்மா இருங்க மாமா" என்றாள். அவன் டம்ளரை மேசையில் வைத்தான். டம்ளர் சத்தம் கேட்டது. மறுபடி உதடுகள் அசைந்தன. அது விளையாட்டில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சில்லை எடுக்கச் சொல்வார்கள், எடுத்தால் வண்டு வரும். உள்ளதைச் சொன்னால் என்ன, புருஷனின் குரல் போனதை விட வண்டு திரும்பி வருவதற்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் உதட்டைப் பார்த்துத் தலையாட்டக் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர்களுக்கு ஒரு 'ம்' போதும், பேச்சு ஓடிவிடும். அவனும் முன்பு போல இல்லை. அவள் எதைச் சொன்னாலும் புன்னகைத்தான், ஒன்றுக்கும் எதிர்த்துப் பேசவில்லை. வயது வந்து பொறுமையும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கவின் குளியலறையில் வழுக்கி விழுந்தான். அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், விழுந்த சத்தம் குழாய்த் தண்ணீரின் சத்தத்தில் அமுங்கிப்போனது. அரைமணி நேரம் கழித்துத் தற்செயலாகக் கதவைத் திறந்தபோது நெற்றி பிளந்து, தரையெல்லாம் ரத்தமாகக் கிடந்தான். எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று அவன் உதடுகள் கேட்டன. அந்த ஒரு வாக்கியத்தை அவள் தெளிவாகப் படித்தாள்.

தையல் பிரித்த மறுநாள் அவனையும் அழைத்துக்கொண்டு ஷாஹிதாவிடம் போனாள். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"'சும்மா இருங்க'ங்கறதுக்குள்ள 'சும்மா இரு' இருக்குதுங்களே," என்றார் ஷாஹிதா மெல்ல.

"நான் மரியாதையாத்தானுங்க சொன்னேன்."

"சில்லுக்கு மரியாதை தெரியாதுங்க. கோவமாச் சொன்னதும் ஆசையாச் சொன்னதும் அதுக்கு ஒண்ணுதான்."

சில்லை எடுத்துவிட்டால் குரல் வரும், கூடவே இரைச்சலும் வரும். இத்தனை நாள் அடக்கி வைத்த மூளை அதை முன்பை விட உரக்கவே ஒலிக்கும். இரண்டும் ஒரே குப்பையில் கிடந்தவை. பிரித்தெடுக்க ஆறு மாதம் தினமும் கவினோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். அவள் சொல்ல, அவன் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். பதிவுசெய்த குரலுக்கு மூளை மசியாது.

கவின் உள்ளே வந்தான். ஷாஹிதா பேசினார், அவன் பதில் சொன்னான். பிறகு ஷாஹிதா அவளைப் பார்த்து, "அவர்கிட்ட ஏதாவது கேளுங்க" என்றார்.

"மாமா, நெத்தி இன்னும் வலிக்குதுங்களா?"

கவின் புன்னகைத்துத் தலையாட்டினான்.

"அவங்க என்ன கேட்டாங்க?" என்றார் ஷாஹிதா. அவன் புன்னகை அப்படியே நின்றது. கண்கள் தரைக்குப் போயின. வெகுநேரம் ஏதோ பேசினான். தன்ஷிகாவுக்கு அது கேட்கவில்லை. ஷாஹிதாதான் எடுத்துச் சொன்னார்.

"அவரோட சொல்லும் அதேதாங்க. நீங்க வண்டு வண்டுன்னு பொலம்பறப்பல்லாம் எரிச்சல்ல சொல்லியிருக்கார். உங்க குரல் அவருக்குக் கேட்டு எட்டு மாசம் ஆச்சுங்களாம். சொன்னா உங்க மனசு சங்கடப்படும்னு சொல்லலையாம்."

எட்டு மாதம். வண்டு நின்ற அன்று அவள் ஓடிப்போய் அவனிடம் சொன்னாளே, அதுவும் அவனுக்குக் கேட்டிருக்கவில்லை. அவளுக்கு முதலில் கோபம் வந்தது. தான் செய்ததும் அதேதான் என்று நினைத்ததும் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போனது.

"ரெண்டு பேரும் ஒரே சமயத்துல எடுக்க முடியாது," என்றார் ஷாஹிதா. "இரைச்சலோட இருக்கறவங்கள ஒருத்தர் தாங்கிப் பிடிக்கணும். ஒருத்தர் தேறினதுக்கப்புறந்தான் அடுத்தவர். யார் மொதல்ல எடுத்துக்கறீங்க?"

அறையில் சத்தமே இல்லை. எவ்வளவு நல்ல அமைதி என்று தன்ஷிகாவுக்குத் தோன்றியது. அது தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தாள். கவின் அவளைப் பார்த்தான், அவள் கவினைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது, அதே நேரத்தில் அவன் வாயும் திறந்தது.

"நீங்க மொதல்ல எடுங்க மாமா," என்றாள்.

ஷாஹிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவரு என்னங்க சொன்னாரு?"

"நீங்க சொன்னதேதாங்க."

கவினும் ஷாஹிதாவிடம் ஏதோ கேட்டான். அவனுக்கும் அதே பதில்தான் கிடைத்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஷாஹிதா அவர்களின் கோப்புகளை மூடினார். வெளியே அடுத்த தம்பதி காத்திருந்தார்கள். எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகவே சொன்னது.

"அவசரமில்லைங்க. வீட்டுக்குப் போயி ரெண்டு பேரும் நல்லாக் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க."