ரிலே விழும் சத்தம்

முதல் தடவை அந்த ‘டிக்’ கேட்டபோது பல்லி என்றுதான் முகேஷ் நினைத்தான். நினைக்க ஆசைப்பட்டான் என்பதே சரி. ரிலே விழும் சத்தம் தெரியாதவனா அவன்? மோட்டார் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, அதன் பின்பக்கப் போர்ட்டிலிருந்து, மோட்டாரைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே இருக்கும் பலகைக்கு வயர் இழுத்து, விளாங்குடி வீட்டில் உட்கார்ந்தபடியே உசிலம்பட்டித் தோட்டத்து மோட்டாரைப் போட்டு நிறுத்திக் காட்டியவன். ஊரே வாயைப் பிளந்தது. இப்போது அந்தக் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. பிளக்கையே பிடுங்கி வைத்திருந்தான்.

மாலை நான்கு மணிதான். ஆனால் மழை கட்டியிருந்ததால் ரூமுக்குள் அந்தி போல மங்கல், கிரீஸும் எலிப் புழுக்கையும் ஈரச் சிமெண்டும் கலந்த வாடை, வெளியே கிணற்றின் அடியில் அண்ணன் சூர்யபிரகாஷ் தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டாரைச் சுற்றிச் சேறு அள்ளும் சளக் சளக் சத்தம்.

மூன்று வாரத்துக்கு முன் அதே வேலைக்கு இறங்கியவர் மொக்கையன். கிணற்றில் இறங்குகிறவர் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு இறங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். மேலே நிற்கும் யாரையும் நம்பத் தேவையில்லை. மொக்கையனும் அப்படித்தான் இறங்கினார். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று முகேஷ் ஃபியூஸைத் தொடாமல் மெயினிலிருந்து ரிலே வழியாக நேராக மோட்டாருக்கு லைன் கொடுத்திருந்தது அவருக்குத் தெரியாது. அன்று கரண்ட் போய்த் திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. அது முழுசாக விழிப்பதற்குள் போர்ட் ஒரு நொடி தன்னிஷ்டத்துக்கு சிக்னல் கொடுக்கும் என்பதை அவன் யோசித்துப் பார்த்ததே இல்லை. டிக். தண்ணீரில் நின்றவர் கத்தக்கூட இல்லை.

அன்றைக்கே அந்த லைனை யாருக்கும் தெரியாமல் அறுத்துப் போட்டான். கட்டையைப் பிடுங்கியும் எப்படியோ மோட்டார் லீக்கேஜ் என்று ஊர் சொன்னது. அவனும் அதையே சொன்னான். மொக்கையனின் மகள் பாண்டிமீனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும் சொன்னான். அதன்பிறகு அந்தக் கிணற்றில் இறங்க ஆள் கிடைக்கவில்லை. இன்று அண்ணனே இறங்கிவிட்டார்.

டிக்.

போர்ட்டிலிருந்து கேபிளை உருவினான். டிக். பலகையைச் சுவரிலிருந்து பெயர்த்துத் தரையில் போட்டான். ஒரு வயரும் இல்லாமல் சிமெண்டில் மல்லாந்து கிடந்த பலகை, நிதானமாக, இன்னொரு முறை டிக் என்றது.

கிணற்றுக்குள் மோட்டார் முனகத் தொடங்கியது.

முகேஷ் ஓடினான்.

“என்னடா முகேசு, மோட்டார் உறுமுது?” கீழேயிருந்து அண்ணன் குரல். “கட்டை மூணும் என் மடியிலதான இருக்கு.”

“அண்ணே, போதும், மேல வா. கயித்தப் போடுறேன்.”

“இன்னும் இம்புட்டுச் சேறு கெடக்குடா.”

“கும்பிட்டுக் கேக்குறேண்ணே. வந்துரு.”

அடிப் படிகள் இடிந்த கிணறு. கயிறில்லாமல் ஏற முடியாது. கப்பியில் கயிற்றை விட்டான். கீழே கறுப்பாக இருந்தது, ஆள் தெரியவில்லை. கயிறு இறுகியது. உள்ளங்கை எரிய எரிய இழுத்தான். அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. இன்று ராத்திரிக்குள் பாண்டிமீனாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். காலில் விழ வேண்டும். அவள் என்ன செய்தாலும் சரி.

பாதி தூரம் வந்திருக்கும்.

“முகேசு.” அண்ணன் குரல்தான். அடியாழத்திலிருந்து. “கயிறு எங்கடா? கைக்கு எட்டலையே.”

கை நின்றது.

கனம் குறையவில்லை.

விட்டால் அது அண்ணன் தலைமேல் விழும். விடக் கூடாது. இழுக்கவும் கூடாது. கால்களை ஊன்றி அப்படியே நின்றான்.

“அண்ணே,” என்றான். “ஓரமா ஒதுங்கிக்க.” குரல் அவனுக்கே கேட்கவில்லை.

கயிறு லேசாக ஆடியது. அவன் இழுக்கவில்லை. கப்பி சுற்றவில்லை. கனம் மட்டும் மேல்நோக்கி நகர்ந்தது. ஒரு கை. மறு கை. அவசரமே இல்லாமல். சேற்று வாடை அடித்தது.

கிணற்றின் விளிம்புக்குக் கீழே ஈரத் தலை ஒன்று தெரிந்தது. முகத்தை அது இன்னும் நிமிர்த்தவில்லை.