‘அறுவர் அணி’யின் முழுப் பிரதி

ஞாயிறு காலை ஒன்பதரை. காமிக்ஸ் கடையின் கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. பூட்டு உடையவில்லை. உள்ளே இருந்த ‘அறுவர் அணி’ தொகுப்பு மட்டும் இல்லை.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். எத்தனையோ திருட்டு வழக்குகள் பார்த்த அலுப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. இப்போது தம்பியின் கடையிலேயே ஒன்று.

“சாவி கல்லாவுல இருக்கும். கல்லா இவ பொறுப்பு. திருடி யாருன்னு இதுக்கு மேல என்ன விசாரணை? ஸ்டேஷனுக்குப் போன் போடுங்கண்ணா,” என்றார் தம்பி.

விற்பனைப் பெண் அழவில்லை. “நான் எடுக்கல சார். திருடின்னு பேர் வாங்கிட்டா அப்புறம் யார் எனக்கு வேலை தருவாங்க?”

“அந்தப் புத்தகத்துல அப்படி என்ன விசேஷம்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“அச்சகத்துல நடந்த கூத்து சார். கடைக்கு வந்த எல்லாப் பிரதியிலயும் நடுவுல பதினாறு பக்கம் விட்டுப்போச்சு. மாதிரிக்குத் தைச்ச ஒண்ணுலதான் முழுக்கதை. உறை பிரிக்காம வச்சிருந்தோம். இன்னைக்கு வாசகர் கூட்டம் முடிஞ்சதும் ஏலம்.”

“எழுதினவரைக் கேட்டா கதை தெரிஞ்சிடுமே?”

“மறுபதிப்பு வர்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாராம்.”

“நேத்து யார் வந்தாங்க?”

“கூட்டத்துக்கு நாற்காலி போட மூணு வாசகர்கள். பல் டாக்டர், பஸ் கண்டக்டர், அப்புறம் உங்க மாப்பிள்ளை. நான் டீ வாங்கப் போனப்ப கல்லாவைப் பூட்டல. அது என் தப்புதான்.”

வாசகர்கள் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் திருட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. “தொகுப்பு எப்படி?” என்று மட்டும் கேட்டார்.

“ஆறு பேருக்கும் ஒரே மூஞ்சி. சட்டை நிறத்தை வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கணும்,” என்றார் பல் டாக்டர்.

கண்டக்டர் கையிலிருந்த பிரதியை ஆட்டினார். “நிழலன் பாலத்துக்கடியில மாட்டிக்கிறான். பக்கத்தைத் திருப்பினா ஜாலியா டீ குடிக்கிறான். வாங்கினவன் எல்லாம் கேனையனா?”

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகைகளில் காமிக்ஸ் விமர்சனம் எழுதுகிறவர் அவர். “ரசிக்கத் தெரியணும் சார்! ஊமைப்பொண்ணு தன் சக்தியையே விட்டுக்கொடுத்து அவனை மீட்கிறாளே, அதுக்கு ஈடா ஒரு காட்சி காட்டுங்க பார்ப்போம்!”

“விட்டா இவரே ஒரு கதை எழுதிடுவாரு,” என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தம்பியை ஓரமாக அழைத்து இரண்டு வார்த்தை சொன்னார். தம்பியின் முகம் வெளுத்தது.

“வேணாம்ணா. நம்ம வீட்டு மாப்பிள்ளை. வெளியில தெரிஞ்சா தலைகாட்ட முடியுமா? அந்தப் பொண்ணை நிறுத்திட்டு விஷயத்தை அமுக்கிடலாம்.”

“நம்ம மானத்தைக் காப்பாத்த அவ மானத்தை வாங்கணுமா? அப்படிப்பட்ட குடும்பமாடா நாம?”

அவர் திரும்பி வந்தார். “மாப்பிள்ளை, ஊமைப்பொண்ணு மீட்கிற காட்சியைக் கண்டக்டர் புத்தகத்துல எடுத்துக் காட்டுங்க.”

மாப்பிள்ளை முன்னும் பின்னும் புரட்டினார். கை நின்றுவிட்டது.

“இருக்காது. அது விட்டுப்போன பதினாறு பக்கத்துல வர்றது. திருடின பிரதியை மட்டும் படிச்சிருக்கீங்க. மத்ததுல எது இல்லைன்னு பார்க்கக்கூட உங்களுக்குத் தோணல.”

“முழுக்கதைக்கு முதல் விமர்சனம் என்னுதா இருக்கணும்னுதான் மாமா... திருப்பி வச்சிருப்பேன்.”

“புத்தகத்தைக் கொண்டு வாங்க. முதல்ல இவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க. எல்லார் முன்னாலயும்.”

கேட்டார். மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்ற நினைப்பே இன்ஸ்பெக்டரைக் களைப்படையச் செய்தது.

விற்பனைப் பெண் அசையாமல் நின்றாள். “இவர் கேட்டாச்சு சார். காலையிலேர்ந்து என்னைத் திருடின்னு சொன்னவர் சும்மா நிக்கிறாரே?”

தம்பி அண்ணனைப் பார்த்தார்.

“என்னை ஏன்டா பார்க்கிற? அவங்களைப் பாரு.”