எலுமிச்சைக் குகையில் புறா நாற்றம்

எங்கள் அப்பா புறாக் குகையை அடைத்தால் ஓர் எலிகூட உள்ளே போக முடியாது. அவரே அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

அந்தக் காலத்தில் யாரோ பாறையைக் குடைந்து செய்த தேவாலயம் அது. இப்போது புறாக்களின் வீடு. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அப்பா வாசலைத் திறந்து, எச்சத்தை மூட்டை மூட்டையாக அள்ளித் திராட்சைத் தோட்டத்துக்கு உரமாகக் கொண்டுபோவார். பிறகு கல் அடுக்கி, வைக்கோல் கலந்த மண் பூசி அடைத்துவிடுவார். புறாக்கள் மட்டும் உயரத்தில் இருக்கும் துளைகள் வழியே போய்வரும். எனக்கு வயது பத்தாகிறது. ஒருமுறைகூட என்னை உள்ளே விட்டதில்லை.

இந்த வருஷம் அடைத்த மறுநாள் எங்கள் பூனை துமானைக் காணவில்லை. அவளுக்கு மூன்று குட்டிகள். கண் திறந்து தவழத்தான் தெரியும். தம்பி இல்யாஸ் ஆட்டுப்பாலை விரலில் தொட்டு நீட்டினான். மூன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"எங்கயாவது ஊர் சுத்தப் போயிருக்கும்" என்றார் அப்பா, தேநீரை ஆற்றிக்கொண்டே.

"குட்டிங்கள விட்டுட்டு ராத்திரி முழுக்கவா? அப்பா, நேத்து நீங்க அடைக்கறப்ப அவ உள்ள இருந்திருந்தா?"

"பதினேழு வருஷமா அடைக்கிறேன் நெஸ்ரின். உள்ள பூனை இருக்கா ஒட்டகம் இருக்கான்னு எனக்குத் தெரியாதா?"

"பார்த்தீங்களா?"

அப்பா ஒரு வாய் தேநீர் குடித்தார். "இப்ப போய் இடிச்சா புறாவெல்லாம் மிரண்டு, முட்டைய விட்டுட்டுப் போயிடும். அப்புறம் தோட்டத்துக்கு எதைப் போடறது? உன் மூஞ்சியவா?"

"முதல்ல அவ உள்ள இருக்கான்னு காட்டுடி. அப்புறம் அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றாள் அம்மா.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் குட்டிகளுக்குப் பால் வந்துவிடுமா?

நானும் இல்யாஸும் போய், பூசிய வாசலில் காதை வைத்தோம். "குர்ர்... குர்ர்..."

"அக்கா, நூறு பேர் ஒண்ணா குறட்டை விடற மாதிரி இருக்கு!"

அந்தச் சத்தத்தில் பூனை என்ன, சிங்கம் கத்தினாலும் கேட்காது.

திரும்பி வந்தால் குட்டிகள் கூடையில் இல்லை. பக்கத்திலேயே எங்கள் எலுமிச்சைக் குகை. கடலோர ஊர்களிலிருந்து வரும் எலுமிச்சை கோடை வரை கெடாமல் இருக்க, பெட்டி பெட்டியாக அதில் அடுக்கி வைப்போம். குட்டிகள் அந்தக் குகையின் கடைசி மூலைக்குத் தவழ்ந்து போய்க் கத்திக்கொண்டிருந்தன.

தூக்கி வந்து கூடையில் விட்டேன். மறுபடி அதே மூலை. இன்னொரு முறை தூக்கி வந்தேன். மறுபடி அதே மூலை!

'அப்படி என்னதான் இருக்கு அங்க?' பெட்டிகளுக்கு நடுவில் நுழைந்து மூச்சை இழுத்தேன்.

"இல்யாஸ், இங்க வா. மோந்து பாரு."

"எலுமிச்சை."

"இன்னும் கீழ."

"ஐயே! புறாப் பீ!"

எலுமிச்சைக் குகையில் புறா எச்சம் ஏன் நாறுகிறது? ஓர் இறகை எடுத்து வந்து சுவரோரம் பிடித்தேன். இறகு நடுங்கியது. அங்கிருந்து காற்று வந்தது! அந்த இடம் பாறையே இல்லை. யாரோ ஒரு பழைய ஜன்னலைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் புறாக் குகைதான்!

ஜன்னலுக்கு முன்னால் இருந்த பெட்டி அசையவே இல்லை. பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காலி செய்தபின்தான் நகர்ந்தது. இரும்புக் கம்பியால் சுரண்டியதும் காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நான்கு கற்களைச் சத்தமில்லாமல் உருவினேன். டார்ச்சை நீட்டித் தலையை உள்ளே விட்டேன்.

"துமான் இருக்காளா அக்கா?"

"குதிரை இருக்கு!"

"என்னது?"

சுவர் முழுக்க ஓவியம். சிவப்புச் சால்வை போட்ட ஒருவர் வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்து பாம்பைக் குத்திக்கொண்டிருந்தார். அவர் கண்கள் என்னையே பார்த்தன. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சுவரில் இத்தனை நாளும் இவர் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை!

குதிரையின் காலுக்குக் கீழே தரையில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னின.

"துமான்!" என்று கத்த வாயைத் திறந்தான் இல்யாஸ். பொத்திவிட்டேன். புறாக்கள் மிரண்டால் அப்பா சொன்னது பலித்துவிடும்.

ஜன்னலிலிருந்து தரை ஆழம். ஒரு கோணிப்பையைத் தொங்கவிட்டேன். துமான் அசையவில்லை, பயந்து சுருண்டிருந்தாள். மெதுவாகக் கூப்பிட்டேன். ம்ஹூம். 'என்னைப் பார்த்தா வரமாட்டா. வேற யாரைப் பார்த்தா வருவா?'

இருப்பதிலேயே சின்னக் குட்டியை ஜன்னலில் பிடித்துக்கொண்டேன். அது "மீ" என்றது.

ஒரே தாவல்! கோணியில் நகம் பதித்து விறுவிறுவென்று ஏறினாள். என் தோளை மிதித்து, குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு நேராகக் கூடைக்கு ஓடினாள். அவள் மீசையில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா வந்தபோது மூன்று குட்டிகளும் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. அவர் ஜன்னலைப் பார்த்தார். துமானைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பார்க்கலம்மா" என்றார் மெதுவாக. "அடைக்கறதுக்கு முன்னாடி நான் உள்ள பார்க்கவே இல்லை."

"சரி, இப்ப பாருங்க" என்று டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் மண் குழைத்து வந்து அந்த ஜன்னலை அவரே அடைத்தார். கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டையில் வாயை வைத்துக் கேட்டார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"குர்ர்ர்" என்றது ஒரு புறா.

"நீ இருக்கலாம்" என்று சொல்லி, அப்பா கல்லை வைத்தார்.