சக்கு பறக்கும் நேரம்

“ஐயோ...!”

கிருபாகரனின் லேத் பட்டறையிலிருந்து பெண்ணின் அலறல்.

சாலைக்கு எதிர்ப்புறம், தன் லேத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த சந்திரமோகன் கடிகாரத்தைப் பார்த்தான். பத்தே முக்கால்.

அவன் எதிர்பார்த்ததைவிடக் கால்மணி நேரம் சீக்கிரம்!

ஆரணியில் இருபது வருஷமாக, ரைஸ்மில் ஷாஃப்ட் என்றால் சந்திரமோகன்தான். நேற்று கிருபாகரன் தன் பழைய லேத்துக்குப் புது மோட்டாரும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவும் மாட்டினான். இனி பெல்ட் மாற்ற வேண்டாம். குமிழைத் திருகினால் போதும். வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான். சந்திரமோகன் போகவில்லை. வயிறு எரிந்தது.

களம்பூர் மில் முதலாளி இராஜமாணிக்கம் இன்று வருகிறார். பிடித்துவிட்டால் மில் வேலை மொத்தமும் அங்கே.

போதாததற்கு மனைவி ரேணுகாதேவி, தோசையைத் திருப்பிக்கொண்டே...

“அவரு பட்டன் அமுக்கிகினு ஜாலியா இருக்காரு. நீங்க இன்னும் பெல்ட்டோட மல்லுக்கட்டிகினு இருக்கீங்க.”

சந்திரமோகன் பாதித் தோசையோடு எழுந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது, பட்டறைச் சாவியை எதிரே சந்திரமோகனிடம் கொடுத்துவிட்டுப் போவது கிருபாகரனின் வழக்கம். இன்றும் கொடுத்தான். பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

சந்திரமோகன் பார்த்துக்கொண்டான்!

மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்ற ஐந்தே நிமிஷம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கு, அந்தப் பழைய லேத்தில் மரையில் திருகி மாட்டியது. தலைகீழாகச் சுற்றினால் கழன்றுகொள்ளும். பதினெட்டு கிலோ. முன்னால் நிற்பவன் கதி...

முகத்தில் அதிர்ச்சியைப் பூசிக்கொண்டு ஓடினான்.

“ஐயையோ, சக்கு யாரு தலையில விழுந்துச்சு?”

யார் தலையிலும் விழவில்லை.

லேத் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பட்டன் மேல் இராஜமாணிக்கத்தின் விரல். சுவரோரம் கிருபாகரனின் மனைவி ஜாய்ஸ், அலறிய வாய் இன்னும் மூடாமல்.

கிருபாகரன் லேத்தை நிறுத்தினான்.

“சக்கு கழலும்னு ஒங்களுக்கு யாருண்ணா சொன்னது?”

“அது... சும்மா...”

“நேத்து நான்தான் ஒயரைத் தப்பா மாட்டிட்டேன். தலைகீழா சுத்தி, சக்கு கழண்டு கால்கிட்ட விழுந்துச்சு. எனக்கும் ஜாய்ஸுக்கும்தான் தெரியும். சக்கைத் திரும்ப மாட்டிட்டு, ஒயரைப் பூசை முடிஞ்சு வந்து மாத்திக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள மொதலாளி பட்டனை அமுக்கிட்டாரு, இவ கத்திட்டா. பாத்தா... நேரா சுத்துது.”

சந்திரமோகனின் சட்டைப் பையில் டெஸ்டர் நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

“சாவி ஒங்ககிட்டதான இருந்துச்சு? நேத்து கூப்புட்டப்பவே வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ணா.”

இராஜமாணிக்கம் செல்போனில் போலீஸ் ஸ்டேஷன் நம்பரைத் தட்டினார். காதில் வைத்தபடியே சொன்னார்.

“அவங்க வர்றதுக்குள்ள ஒரு எட்டு களம்பூர் வந்துட்டுப் போங்க சந்திரமோகன். என் மில்லுலயும் ஒரு மோட்டார் தலைகீழா சுத்துது. யாரையாவது கொல்லணும்னு நெனச்சுகினு, அதையும் சரிபண்ணிக் குடுங்க.”