கடைசி அத்தியாயத்தில் அவள் பெயர்

இன்னும் எழுதாத அத்தியாயத்துக்கு, அச்சடிக்குமுன் பிழை திருத்தும் புரூப் வந்திருந்தது. சனிக்கிழமை பின்னேரம் கணவர் லியோன் அந்தத் தாளை மேசையில் வைத்தபோது, வேறு யாருடைய கதையையோ மாறிக் கொண்டுவந்துவிட்டார் என்றுதான் பெற்றீசியா நினைத்தாள்.

"கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் எழுதவே இல்லைங்களே?"

"வாசிச்சுப் பாரு. பிழை இருந்தா திருத்தி வை," என்று சொல்லிவிட்டு அவர் குடையோடு வெளியே போனார்.

கட்டுகஸ்தோட்டையில் குடிவந்த ஆறு வருஷமாக இதுதான் அவர்கள் வழக்கம். திகில் தொடர்கதை எழுதுவது அவள். கண்டியில் தான் வைத்திருந்த சின்ன அச்சுக்கூடத்தில் லியோனே எழுத்துக் கோத்து, ஞாயிறு தோறும் தன் பத்திரிகையில் தன் பெயரிலேயே போட்டுக்கொள்வார். பொம்பளை பெயரைப் பார்த்தால் யார் பயப்படுவார்கள் என்பது அவர் கட்சி. ஊரார் வீட்டுக்கே வந்து அவரைப் புகழும்போது அவள் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பாள். போன வாரந்தான் வாயைத் திறந்தாள். "இனிமே என் பேரைப் போடுங்க. இல்லாட்டி நானே எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்." அவர் கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டு, போடுறேன் என்றார். பாவி மகள் அதை நம்பினாள்.

பென்சிலைச் சீவிக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தாள். ஹந்தானை மலையை மூடிக்கொண்டு இறங்கும் மழை, ஈர விறகுப் புகையின் கசப்பு, சமையலறைக்குப் பின்னால் பாசி பிடித்த கிணறு, அதன் கப்பியில் தானாக ஊசலாடும் கயிறு என்று வாக்கியங்கள் நீண்டு நீண்டு போயின. எல்லாம் அவள் லியோனுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை. பேயைக் காட்டக் கூடாது. ஒரு சத்தத்தை மூன்று தரம் கொண்டுவர வேண்டும்: முதல் தரம் சும்மா, இரண்டாம் தரம் ஆளில்லாத நேரத்தில், மூன்றாம் தரம் பாதியில் நின்றுவிட வேண்டும். பயம் ஏற ஏற வாக்கியம் குறுக வேண்டும். மனுஷன் நன்றாகத்தான் படித்திருக்கிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விடுபட்ட ஒரு புள்ளியை வைத்தாள். அடுத்த வரியில் கதாநாயகியின் பெயர் மாறியிருந்தது. பெற்றீசியா என்றிருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. காற்று என்று நினைத்தாள். கதையில் இருந்த பெற்றீசியாவும் காற்று என்றே நினைத்தாள்.

'போகும்போது கணவன் முன்கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனான்.'

எழுந்து போய் இழுத்துப் பார்த்தாள். கதவு அசையவில்லை. வெளியே பூட்டு ஆடியது. ஆறு வருஷம் அவள் எழுத்தைத் தின்றது போதவில்லையா இவருக்கு?

மறுபடியும் கப்பி. கிறீச்... கிறீச்.

வேறு யாராக இருந்தாலும் பின்கதவைத் தாழ் போட ஓடியிருப்பார்கள். அவள் கதிரைக்குத் திரும்பினாள். ஆறு வருஷப் பழக்கம். புரூப்தானே, அச்சுக்குப் போகும்வரை எதையும் மாற்றலாம். கடைசிப் பத்தியை அடித்தாள். ஓரத்தில் 'அவள் தப்பித்துவிட்டாள்' என்று எழுதினாள். பென்சிலை அழுத்திய இடத்தில் தாள் கிழிந்தது. மடங்கிய கிழிசலின் பின்பக்கத்தில் கறுப்புக் கோடு தெரிந்தது.

புரூப் என்றால் தாளின் ஒரு பக்கத்தில்தான் அடிப்பார்கள்.

திருப்பினாள்.

நாளைத் தேதி போட்ட பத்திரிகை. கறுப்புக் கட்டம் கட்டிய மரண அறிவித்தல். 'திருமதி பெற்றீசியா லியோன் நேற்று மாலை கிணற்றில் தவறி விழுந்து காலமானார். துயருறும் கணவர்...'

இது புரூப் இல்லை. அச்சடித்து முடிந்துவிட்டது.

கப்பி சுழன்றது.

பாதியில் நின்றது.

மழை மட்டும். பிறகு சமையலறையில் ஈரக் காலடிச் சத்தம்.

வாசற்படியில் லியோன். குடை இல்லை. கையில் கிணற்றுக் கயிறு. நுனியில் சுருக்கு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதே சிரிப்பு.

"நீ கேட்ட மாதிரியே உன் பேரைப் போட்டுட்டேன், பாத்தியா?"