பத்திரிகையில் வந்த வீடு

பத்திரிகைப் படத்தில் இந்த வீட்டு வாசலில் நின்ற பெண் கட்டியிருந்த கட்டம் போட்ட சேலை, இன்னும் வீட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அகதா தொட்டுப் பார்த்தாள். மொடமொடவென்று காய்ந்து, வெளுத்துப் போயிருந்தது.

ஈப்போவின் ஈயச் சுரங்கப் புழுதியில் மகள் ஐவி இருமியே துரும்பாய் இளைத்தபோதுதான் கணவன் சூசைநாதன் அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்தான். 'பட்டணம் துறந்து பசுமையில் வாழும் குடும்பம்' என்று கொட்டை எழுத்து. சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்து வீட்டு வாசலில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் பல் தெரியச் சிரித்தார்கள். காற்றே மருந்தாம். எழுதிய புண்ணியவான் கொசுவைப் பற்றி மூச்சுவிடவில்லை. பிள்ளை பிழைத்தால் போதுமென்று அகதா அதே வீட்டுக்கு மூட்டை கட்டினாள்.

வந்து மூன்று நாளாகியும் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. பட்டப்பகலிலும் மரநிழல் வாசல்வரை வந்து படுத்துக்கிடந்தது. ரப்பர்க்காய்கள் வெடித்துக் கூரைமேல் படக், படக்கென்று விழுந்தன. புளித்த ரப்பர்ப்பால் நாற்றம் சோற்றில்கூட ஏறியது. வந்த அன்று அடுப்படியில் மூன்று தட்டுகளில் யாரோ பிசைந்த சோறு அப்படியே காய்ந்திருந்தது.

"முன்ன இருந்தவங்க எங்கண்ணே போனாங்க?" என்று தோட்டத்துக் கங்காணி சன்னாசியிடம் கேட்டாள்.

"போய்ட்டாங்க லா. கேக்காத தங்கச்சி." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னிக்கு உங்கள படம் புடிக்க வாராங்க. பத்திரிகையில போடணுமாம்."

அகதா சூசைநாதனிடம் ஓடினாள். "என்னங்க, இப்பவே ஈப்போவுக்குப் போயிருவோம்," என்றாள்.

"படம் எடுக்க வர்ற வண்டியிலேயே போலாம். ஒரு நிமிஷந்தானே?" என்றான் சூசைநாதன்.

பிற்பகலில் படக்காரர் வந்தார். முக்காலியில் படப்பெட்டியை நிறுத்தி, மூவரையும் வாசல்படியில் நிற்கவைத்தார்.

"நல்லா சிரிங்க. நான் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது."

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். காய் வெடிக்கும் சத்தம் நின்றது. காற்றும் நின்றது. அகதா சிரித்தாள். கன்னம் வலித்தது, பிறகு மரத்தது.

அவர் துணியை உருவி மடித்தார். பெட்டியை மூடினார். "அருமையா வந்திருக்கு," என்று சன்னாசியிடம் சொல்லிவிட்டு மாட்டுவண்டியில் ஏறினார். சன்னாசி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார்.

வண்டிச் சத்தம் தேய்ந்தது.

அசையலாம் என்று அவர் சொல்லவே இல்லை.

அகதா கையை அசைக்கப் பார்த்தாள். அசையவில்லை. கத்தப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. கண் மட்டும் நகர்ந்தது. பக்கத்தில் சூசைநாதன். சிரித்தபடி.

அவனுக்கு அந்தப் பக்கம் ஐவி.

படியிலிருந்து செவ்வெறும்புகள் ஏறின. பிள்ளையின் கால். கவுன். கழுத்து. தாடை.

பல் தெரியச் சிரித்த அந்தச் சின்ன வாய்க்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன. ஐவியின் கண்கள் அம்மாவைப் பார்த்தே அழுதுகொண்டிருந்தன.