நூற்றுக்கு நூறு பச்சை

தங்கையாவின் மணிக்கட்டில் நாடிக்காப்பு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. ஆள்தான் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இதைக் கழற்றிரலாமா?" என்று கேட்டாள் அவர் மனைவி எப்சிபா.

"கூடவே கூடாது மதினி," என்றார் சபைச் செயலாளர் குணசீலன். "அடக்கம் முடிஞ்சுதான் பேரை அடிப்போம். அதுவரைக்கும் உங்க வீட்டுக்குத் தலைவர் அண்ணாச்சிதான். ஏற்கெனவே ரெண்டு சிவப்பு கிடக்கு. அடக்க ஆராதனைக்கு நீங்கதான் கீபோர்டு, கையை அடக்கி வாசிங்க."

மூன்றாவது சிவப்பு விழுந்தால் சபைப் பதிவேட்டிலிருந்து குடும்பத்தின் பேர் போகும். பேர் போனால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. போன மாதம், மூன்று சிவப்பு வாங்கிய செல்வின் வாத்தியாரின் சவப்பெட்டியை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்தது. பார்க்காத மாதிரியும் இருந்துகொண்டது.

எல்லாம் பண்ணாய்வி என்கிற எந்திரம் வந்த பிறகுதான். எந்த இசை ஆவிக்குரியது, எது மாம்சத்துக்குரியது என்று கிருபையூர் சபை நாற்பது வருஷம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் எந்திரத்திடம் போய் நின்றது. குடும்பத் தலைவர் கையில் காப்பு. பாட்டைக் கேட்டு நாடி துள்ளினால் சிவப்பு, அடங்கினால் பச்சை. எவ்வளவு அடங்க வேண்டும் என்று எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க, கமிட்டியார் பன்னிரண்டு பேர் காப்புக் கட்டிக்கொண்டு பாமாலை கேட்டார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்த நேரம் சபை விருந்தான அசனத்தன்று மத்தியானம், ஆட்டுக்கறிச் சோறு இறங்கிய கையோடு. பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டதை எப்சிபா கண்ணால் கண்டவள். எந்திரம் அதைத்தான் பரிசுத்தம் என்று படித்துக்கொண்டது. அதைவிட அடங்கிய நாடி கிடைத்தால் அதையே புது அளவாக வைத்துக்கொள்ளும் சமர்த்து வேறு அதற்கு.

தங்கையாவின் இரண்டு சிவப்பும் ஒரே பாட்டுக்கு விழுந்தவை. அறுப்பின் பண்டிகைக்கு உருமித் தாளத்தில் அவரே கட்டிய பாட்டு. நேற்றுகூடச் சொன்னார்: "ஏட்டி, என்னை அந்தப் பாட்டோட அனுப்பு."

கோயிலுக்குள் பெட்டியை இறக்கினார்கள். எப்சிபா கீபோர்டில் உட்கார்ந்தாள். செத்தவர் நாடியை எந்திரம் என்னவென்று படிக்கும்? பச்சையா, சிவப்பா? கண்ணை மூடிக்கொண்டு உருமித் தாளத்தைத் தட்டினாள்.

குணசீலன் துள்ளி எழுந்தார். பெட்டிக்குள் காப்பு ஒருமுறை சிமிட்டியது, யோசித்தது, பச்சையாக நின்றது.

"பரிசுத்தம். நூற்றுக்கு நூறு," என்றது பண்ணாய்வி.

அதுவரை எழுபது மதிப்பெண்ணைத் தாண்டியவர் ஊரில் கிடையாது. தங்கையாவை மரியாதையாக அடக்கம் செய்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பாமாலையிலேயே கோயில் முழுக்கச் சிவப்பு. எந்திரத்துக்கு இப்போது தங்கையாவின் நாடிதான் அளவு. போதகர் கையில் சிவப்பு, குணசீலன் கையிலும் சிவப்பு. இரண்டாம் பாட்டை எப்சிபா இன்னும் மெதுவாக வாசித்தாள், மறுபடியும் சிவப்பு. இன்னும் ஒன்று விழுந்தால் சபையில் ஒருத்தருக்கும் பேர் இருக்காது.

முன்வரிசையிலிருந்து குணசீலன் கீபோர்டுப் பக்கம் குனிந்தார். முகம் வேர்த்திருந்தது. இருதய மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் மனுஷர். இன்றைக்குக் கை அங்கே போகவில்லை. "மதினி, நூறு வாங்க அண்ணாச்சி அப்படி என்னதான் செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யலை. சும்மா கிடந்தாரு."

அவர் அதை உபதேசம் மாதிரித் தலையாட்டி வாங்கிக்கொண்டு, சாய்ந்து கண்ணை மூடினார். சொன்னது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் பரவியது. எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

மூன்றாம் பாட்டு தொடங்கியது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பாட்டு முடிந்தால்தான் சிவப்பு கணக்கில் ஏறும்; கடைசி அடிக்குச் சற்று முன்னால் முன்வரிசையில் ஒரே ஒரு பச்சை.

"பரிசுத்தம். நூற்றுக்கு நூறு."

"ஸ்தோத்திரம்!" என்று சபை எழுந்து நின்றது. "எங்க செயலாளர் ஜெயிச்சுட்டாரு!"

எப்சிபா மட்டும்தான் பார்த்தாள், பச்சை எரிந்த அந்தக் கை பெஞ்சிலிருந்து நழுவித் தொங்கியதை. "ஐயோ, அவரைப் பாருங்க!" என்று கத்தினாள்.

யாரும் திரும்பவில்லை. எல்லாரும் உட்கார்ந்து, கண்ணை மூடி, இன்னும் கெட்டியாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.